பேய்ப்படம் பார்த்து நிஜமாகவே பயப்படுகிறார்களா?

காட்பாடியில் இன்ஜினியரிங் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது: "பேய்ப்படம் பார்க்கிறவங்க நிஜமாவே பயப்படுறாங்களா, இல்ல கூட வந்தவங்களுக்காகக் கத்துறாங்களா? நான் எத்தனையோ படம் பார்த்துட்டேன். ஒருநாளும் பயம் வந்ததில்ல."

பயப்படுகிறார்கள் தம்பி. சத்தியமாகப் பயப்படுகிறார்கள். இதைச் சொல்ல நீ யார் என்று கேட்டால், 28 வருஷம் ஜனங்களின் பின்மண்டையைப் பார்த்துச் சம்பளம் வாங்கியவன் நான்.

1981-ல், நம் வேலூர்க் கோட்டைக் கோயிலுக்கு ஜலகண்டேசுவரர் திரும்பி வந்த அதே வருஷம், குடியாத்தம் பக்கம் ஒரு டூரிங் கொட்டகையில் ஆபரேட்டருக்கு எடுபிடியாகச் சேர்ந்தேன். ("ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு" என்று வேலூரைக் கிண்டல் செய்வார்களே, அதில் நடுவில் இருப்பது அந்த வருஷத்தோடு பொய்யாகிவிட்டது. மற்ற இரண்டும் அப்படியேதான்.) பிறகு வேலூர் டவுனில் ஒரு தியேட்டர். பிலிம் பெட்டி போய் டிஜிட்டல் வந்தபோது நானும் இறங்கிவிட்டேன். கேபின் சுவரில் மெஷினுக்கு ஒரு ஓட்டை இருக்கும், ஆபரேட்டர் பார்க்க ஒரு ஓட்டை இருக்கும். வெளிச்சம் தருகிற கார்பன் குச்சி எரிந்து குறையக் குறைய நகர்த்திக்கொண்டே, இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை மெஷின் மாற்றிக்கொண்டே, அந்த ஓட்டை வழியாக நான் பார்த்தது படத்தைவிடத் தலைகளைத்தான். படம் இரண்டாம் நாளே மனப்பாடம் ஆகிவிடும். தலைகள் ஒவ்வொரு காட்சிக்கும் புதுசு.

சிரிப்புப் படத்தில் தலை பின்னால் சாயும். அழுகைப் படத்தில் முந்தானை மூக்குக்குப் போகும். பேய்ப்படத்தில் தலை தோளுக்குள் இறங்கும், ஆமை மாதிரி. அப்போதெல்லாம் தரை டிக்கெட்டில் பீடி பிடிப்பார்கள். மேலிருந்து பார்த்தால் இருட்டில் சிவப்புப் புள்ளிகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். பாழடைந்த பங்களாவின் கதவு மெதுவாகத் திறக்கிற நேரத்தில் அத்தனை புள்ளியும் பாதி வழியில் நின்றுவிடும். வாய்க்கும் போகாது, கீழேயும் இறங்காது. யாருக்காக நடிப்பான் அவன்? பின்னால் சுவரில் ஓர் ஓட்டை இருப்பதே அவனுக்கு ஞாபகம் இருக்காது. கத்துகிறவர்களில் கொஞ்சம் பேர் நடிக்கிறார்கள், ஒத்துக்கொள்கிறேன். கூட்டமாக வந்த கல்லூரிப் பையன்கள் மேலுக்கு ஊளையிடுவார்கள். ஆனால் பீடியை நிறுத்துகிறவன் நடிக்கவில்லை.

இங்கே ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். தூக்கிவாரிப் போடுவது வேறு, பயம் வேறு. நாம் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம்.

திடீரென்று பெரிய சத்தம் கேட்டால் கண் இமை மூடும், கழுத்தும் தோளும் சுருங்கும். நொடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. மூளையின் அடித்தண்டிலேயே முடிந்துவிடுகிற வேலை அது. 'இது சினிமாதானே' என்று யோசிக்கிற பாகத்துக்குச் செய்தி போவதற்குள் உடம்பு துள்ளி முடித்திருக்கும். பேயை நம்புகிறவன், நம்பாதவன், கறுப்புச் சட்டைக்காரர், பூசாரி எல்லாருக்கும் ஒரே துள்ளல். 1942-ல் வந்த 'கேட் பீப்பிள்' என்ற அமெரிக்கப் படத்தில் ஒரு பெண் இருட்டுத் தெருவில் நடக்கிறாள், ஏதோ பின்தொடர்கிறது, ஒரே நிசப்தம். சடாரென்று ஒரு சீறல். பார்த்தால் பஸ் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். இன்றுவரை கதவுக்குப் பின்னால் பூனை பாய்வதும், குக்கர் விசில் அடிப்பதும் அந்த பஸ்ஸின் பேரன் பேத்திகள். பயமே இல்லை என்கிறாயே, அந்த இடத்தில் நீயும் துள்ளியிருப்பாய். அதைப் பயம் என்று கணக்கில் எழுதவில்லை, அவ்வளவுதான்.

பயம் என்பது அந்தத் துள்ளலுக்கு முன்னால் இருக்கிற நிசப்தம். அதைக் கட்டுவது காது. இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு பேய்ப்படம், பெயர் வேண்டாம். மேட்னி ஷோ. பீடி சுற்றும் பெண்கள் அன்றைக்குக் கூலி வாங்கிவிட்டுக் கைக்குழந்தையோடு வந்து அரங்கத்தில் பாதியை நிரப்பியிருந்தார்கள். கதாநாயகி கிணற்றடிக்குப் போகிறாள், பின்னால் வெள்ளைப் புடவை வருகிறது. சரியாக அந்த இடத்தில் எக்ஸைட்டர் லேம்ப் ஃப்யூஸ் ஆகிவிட்டது. பிலிம் ஓரத்தில் ஓடும் ஒலிக்கோட்டின் வழியாக வெளிச்சம் பாய்ச்சுகிற சின்ன பல்பு அது. அது போனால் படம் ஓடும், சத்தம் வராது. மாற்று பல்பு அலமாரியில் எங்கேயோ. நான் தேடி எடுத்து மாட்ட இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும்.

அந்த இரண்டு நிமிஷமும் பேய் ஊமையாக வந்தது. முதலில் கீழே சலசலப்பு. பிறகு ஒரு பெண் குரல், "ஐயே, மூஞ்சில மாவு அப்பிகினு வருது பாரு!" என்றது. அரங்கமே சிரித்தது. பேய் வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, இவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். "இன்னாடி, பல்லு வலியா அதுக்கு?" என்று இன்னொருத்தி. மேனேஜர் மூச்சிரைக்க மேலே ஓடி வந்து என்னைத் திட்டியதைவிட அந்தச் சிரிப்புதான் காதில் நிற்கிறது. சாயங்காலம் ஃபர்ஸ்ட் ஷோ. அதே ரீல், அதே கிணறு, அதே மாவு. சத்தம் மட்டும் சரியாக இருந்தது. பின்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது, இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள்.

இயக்குநர் ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' (1960) படத்தில் குளியலறைக் கொலைக்கு இசையே வேண்டாம் என்றுதான் அவர் முதலில் சொல்லியிருந்தாராம். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் வெறும் தந்திக்கருவிகளை வைத்துக் கிறீச்சிட விட்டதைக் கேட்ட பிறகு மனசு மாறினார். அந்தக் காட்சியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பார், பிறகு வைத்துப் பார். பயந்தால் ஜனங்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். மூட வேண்டியது காதை. அனுபவப்பட்ட தாய்மார்களுக்கு இது தெரியும். மடியில் இருக்கும் பிள்ளையின் கண்ணை விட்டுவிட்டுக் காதைப் பொத்துவார்கள்.

உடம்புக்குள் என்ன நடக்கிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். இதை எனக்குச் சொன்னவன் என் மைத்துனர் மகன், ரத்தப் பரிசோதனை லேப்பில் வேலை செய்கிறவன். 'ரத்தத்தை உறைய வைக்கும் திகில்' என்று நாம் போஸ்டரில் போடுவோமே, வெள்ளைக்காரர்களும் அதே மாதிரிதான் சொல்வார்களாம். நெதர்லாந்தில் லைடன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அது நிஜமா என்று பார்த்து, 2015-ல் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆரோக்கியமான இளவயதுக்காரர்கள் 24 பேர். ஒருநாள் 'இன்சிடியஸ்' பேய்ப்படம், இன்னொரு நாள் ஒயின் தயாரிப்பைப் பற்றிய சாதுவான படம். முன்னும் பின்னும் ரத்தம் எடுத்தார்கள். பேய்ப்படம் பார்த்த நாளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு ஃபேக்டர் 8 ஏறியிருந்தது. ரத்தம் உறையத் தேவையான புரதங்களில் ஒன்று அது, காயம் பட்டால் ரத்தம் லேசில் நிற்காத ஹீமோஃபிலியாக்காரர்களுக்குக் குறைவாக இருக்குமே, அது. ரத்தம் கட்டியாக உறைந்துவிடவில்லை, அந்த அளவுக்கு எதுவும் நடக்கவில்லை. காயம் படப்போகிறது என்று உடம்பு முன்கூட்டியே தயாராகியிருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்து சோளப்பொரி தின்றுகொண்டிருந்தாலும், ரத்தத்துக்கு அது தெரியவில்லை.

பயமே வராத ஆளும் உலகத்தில் உண்டு. அமெரிக்காவில் ஒரு பெண்மணி, ஆராய்ச்சியாளர்கள் எஸ்.எம். என்று இரண்டு எழுத்தில் மட்டும் குறிப்பிடுவார்கள். மூளைக்குள் பாதாம்பருப்பு அளவில் இரண்டு பக்கமும் இருக்கிற அமிக்டலா என்ற பாகம் அபூர்வமான ஒரு நோயால் அவருக்கு அழிந்துபோனது. பாம்பைக் கையில் கொடுத்தார்கள், தடவிப் பார்த்தார். ஆவி வீடு என்று பணம் வாங்கிக்கொண்டு பயமுறுத்துகிற இடத்துக்குக் கூட்டிப்போனார்கள். வேஷம் போட்டவனின் தலையை இவர் தொட்டுப் பார்க்கப்போய் அவன்தான் பயந்தான். திகில் படக் காட்சிகளைப் போட்டுக் காட்டினால், பயப்படுவதற்குப் பதில் ஒரு படத்தின் பெயரைக் கேட்டாராம், வாடகைக்கு எடுத்து முழுசாகப் பார்க்க. 2011-ல் வந்த ஆய்வு அது. இரண்டு வருஷம் கழித்து, கரியமில வாயு கலந்த காற்றை ஒரே ஒரு மூச்சு இழுக்கச் சொன்னபோது அதே பெண்மணி அலறிவிட்டார். மூச்சு முட்டுகிற பயத்துக்கு அமிக்டலா தேவைப்படவில்லை. ஆகவே 'எனக்குப் பயமே கிடையாது' என்று சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் யோசி. உனக்கு அந்த நோய் இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

சரி, உடம்பு பயப்படுகிறது. மனசு?

மனசு படத்தைப் பார்த்துப் பயப்படுவதில்லை, அது தன்னிடம் ஏற்கெனவே இருப்பதை எடுத்துக்கொள்கிறது. இதை நம் ஊரில் இரண்டு இடத்தில் பார்க்கலாம்.

மகாசிவராத்திரிக்கு மறுநாள் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை நடக்கிறதே, சின்ன வயசில் தோளில் உட்கார்ந்து பார்த்திருப்பாய். காளி வேஷம், நீண்ட நாக்கு, வாயில் எலும்பு, உயிர்க்கோழியைக் கடிக்கிற ஆள், சுடுகாட்டு மண்ணில் புரளுகிற ஜனம். நல்ல வெயில், பட்டப்பகல், பக்கத்தில் ஐஸ்காரன் மணியடிக்கிறான். சினிமாவில் பயமுறுத்த வேண்டிய எந்த ஏற்பாடும் இல்லை. ஆனால் அங்கே யாரும் "மூஞ்சில மாவு" என்று சிரித்து நான் கேட்டதில்லை. வேஷம் கட்டியவன் பக்கத்து வீட்டுக்காரன் என்று தெரிந்தும் கைகூப்புகிறார்கள். நம்பிக்கை இருக்கிற இடத்தில் ஸ்பீக்கர் வேண்டியதில்லை.

இரண்டாவது இடம் மசூதி வாசல். மக்ரிப் என்கிற அந்தி நேரத் தொழுகை முடிகிற நேரத்தில் எல்லா மதத்துப் பெண்களும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையாக நிற்பார்கள். தொழுதுவிட்டு வெளியே வருகிறவர்கள் ஒவ்வொருவராக ஓதி, பிள்ளையின் முகத்தில் ஊதிவிட்டுப் போவார்கள். "இன்னாமா ஆச்சு?" என்றால், "பயந்துகிச்சு பாய், ராத்திரில தூக்கிப்போடுது" என்பார்கள். எங்கள் தியேட்டரில் பேய்ப்படம் ஓடிய வாரங்களில் அந்த வரிசையில் எனக்குத் தெரிந்த முகங்கள் இருந்திருக்கின்றன. அந்தப் பக்கம் போகாமல் வேறு தெருவில் சுற்றிக்கொண்டு போவேன்.

பெரியவர்களுக்கு மறுநாள் போய்விடும். பிள்ளைகளுக்குப் போவதில்லை, அதில் நான் விளையாடமாட்டேன். 1999-ல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம், சின்ன வயசில் திரையில் பார்த்து அரண்டது ஏதாவது உண்டா என்று விசாரித்த ஓர் ஆய்வு உண்டு. பத்தில் ஒன்பது பேர் உண்டு என்றார்கள். நாலில் ஒருத்தருக்கு அந்தப் பயத்தின் மிச்சம் அப்போதும் இருந்தது. கல்லூரிக்கு வந்த பிறகும்! அதனால் எட்டு வயசுப் பிள்ளையைக் கூட்டிப்போய் "ஒண்ணும் ஆகாது, சினிமாதான்" என்று சமாதானம் சொல்லும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

பயம் நிஜம் என்பதற்கு என்னிடம் இருக்கிற பெரிய சாட்சி சைக்கிள் ஸ்டாண்டு. செகண்ட் ஷோ முடிய ராத்திரி ஒரு மணி ஆகும். சண்டைப் படம் என்றால் ஐந்து நிமிஷத்தில் ஸ்டாண்டு காலி. பேய்ப்படம் என்றால் யாரும் கிளம்பமாட்டார்கள். பூட்டைத் திறப்பார்கள், டயரை அமுக்கிப் பார்ப்பார்கள், வாசலில் டீ குடிப்பார்கள், இரண்டாவது டீயும் குடிப்பார்கள். "விருதம்பட்டு போறவங்கோ யாருனா கீறீங்களா?" என்று ஒரு குரல் வரும். பாலாற்றுப் பாலத்தைத் தாண்ட வேண்டும் இல்லையா. கீழே மணல், கரையில் சுடுகாடு. ஏழெட்டு சைக்கிள் சேர்ந்ததும் ஒரே கூட்டமாக, தேவைக்கு மேல் சத்தமாகப் பேசிக்கொண்டே போவார்கள். அந்த டீக்கடைக்காரர் ஊரில் எந்தப் பேய்ப்படம் வந்தாலும் கூட ஒரு லிட்டர் பால் வாங்கி வைப்பார். படம் எப்படி என்று அவரிடம் கேட்டாலே போதும், பால் கணக்கில் சொல்லிவிடுவார்.

அந்தக் கூட்டம் டீக்கடையில் சிரித்த சிரிப்பையும் சொல்ல வேண்டும். ஏறிய நெஞ்சுத் துடிப்பு உடனே இறங்காது. பயம் போன பிறகும் படபடப்பு மிச்சமிருக்கும், அது சிரிப்பாக வெளியே வரும். காசு கொடுத்துப் பயப்படுவது இதற்காகத்தான் என்பது என் எண்ணம். டென்மார்க்கில் ஒரு பயமுறுத்தும் வீட்டுக்கு வந்த 110 பேருக்கு நெஞ்சுத் துடிப்பு அளக்கும் கருவி மாட்டிப் பார்த்தார்கள், 2020-ல் வெளியானது. குறைவாகப் பயந்தவர்களுக்கும் ரசிக்கவில்லை, அதிகமாகப் பயந்தவர்களுக்கும் ரசிக்கவில்லை. நடுவில் இருந்தவர்களுக்குத்தான் சந்தோஷம். மிளகாய் கணக்குதான்.

இந்த ஆசையைக் கண்டுபிடித்துக் காசாக்கியவர்கள் பலே ஆட்கள். 1958-ல் வில்லியம் காசில் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர், தன் படத்தைப் பார்த்து யாராவது பயத்தில் செத்தால் 1,000 டாலர் என்று லண்டன் லாயிட்ஸில் இன்ஷூரன்ஸே எடுத்தார். நம் பக்கம் அவ்வளவு செலவு இல்லை. 'இதய பலவீனமுள்ளவர்களும் கர்ப்பிணிப் பெண்களும் பார்க்க வேண்டாம்' என்று ஒரு தட்டி. அதை எழுதுகிற பெயிண்டருக்கு எழுத்துக்கூலி போக மேட்னி டிக்கெட் இரண்டு. தட்டி வைத்த மறுநாள் கூட்டம் ஏறும்.

இனி உன் விஷயம். உனக்கு ஏன் பயம் வரவில்லை? உன் வயசைப் பார்த்தால், நீ பார்த்து வளர்ந்தவை 2011-ல் 'காஞ்சனா' ஓடிய பிறகு வரிசை கட்டி வந்த படங்கள். முதல் பாதி முழுக்கக் காமெடி, இடைவேளைக்குப் பிறகு பேயின் சோகக்கதை, கடைசியில் பேய் வில்லனைக் கொல்லும்போது நாம் கைதட்டுகிறோம். நியாயம் கேட்க வந்த பேயைப் பார்த்து யாருக்குப் பயம் வரும்? நம் பக்கத்து ஆள் அது. அந்தப் படங்கள் மோசம் என்று சொல்லமாட்டேன், குடும்பத்தோடு பார்க்கலாம். பேய்ப்படம் என்று சொல்வதுதான் எனக்கு ஒட்டவில்லை. இன்னொன்று, நீ அநேகமாக போனில் பார்த்திருப்பாய். உள்ளங்கை அளவுப் பேய், பக்கத்தில் ட்யூப்லைட், நடுவில் வாட்ஸாப். நிசப்தம் கட்டுவதற்கு அங்கே இடமே இல்லை. ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நடுவில் நிறுத்தாமல் ஒரு படம் பார். பார்த்துவிட்டு மொட்டைமாடியில் காயும் துணியை எடுத்துக்கொண்டு வா. பிறகு பேசுவோம்.

கடைசியாக ஒன்று, பள்ளிக்கூடத்தில் தமிழய்யா சொல்லிக் கொடுத்தது. அச்சம் நான்கு இடத்திலிருந்து வரும் என்கிறது தொல்காப்பியம்: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. அணங்கு நம் பேய். விலங்கும் திருடனும் புரிகிறது. இறை என்றால் நமக்கு மேலே உட்கார்ந்திருப்பவன். என் 28 வருஷத்தில் தியேட்டர் உண்மையிலேயே செத்த அமைதியாக ஆனது எந்தப் பேய்க்கும் இல்லை. ஒரு குடும்பப் படத்தில் வட்டிக்காரன் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டுவான். காட்டுவது கதவின் உள்பக்கத்தை மட்டும். உள்ளே புருஷன், பெண்டாட்டி, பிள்ளை மூன்று பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தட்டுகிற சத்தம் மட்டும். பீடி சுற்றுகிற பெண்கள், தோல் ஷாப் தொழிலாளிகள், தீப்பெட்டி ஒட்டுகிறவர்கள் என்று அரங்கம் முழுக்க ஆள். ஒரு சிவப்புப் புள்ளி அசையவில்லை. அந்தக் காட்சிக்குப் பிறகு டீக்கடையில் யாரும் சிரிக்கவில்லை.

"உங்களுக்கு?" என்று கேட்பாய். ஓடவிட்ட படம் எதற்கும் நான் பயந்ததில்லை. அடுத்து எந்த நிமிஷத்தில் என்ன வரும் என்று தெரிந்தவனுக்கு என்ன பயம். ஆனால் செகண்ட் ஷோ முடிந்து ஜனம் போன பிறகு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அரங்கத்தின் நடுவே நடந்து வெளியே வர வேண்டியவன் நான்தான். பழைய மடக்கு நாற்காலிகள். ஆள் எழுந்ததும் பலகை தானாக மேலே மடிய வேண்டும். ஸ்ப்ரிங் துருப்பிடித்த சிலது உடனே மடியாது, அரைமணி கழித்துத் தனியாக 'டக்'கென்று மடியும். இருட்டில், ஆள் இல்லாத அரங்கத்தில், எந்த வரிசையில் என்று தெரியாமல் ஒரே ஒரு 'டக்'.

காரணம் தெரியும். எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்பதும் தெரியும். மெயினை அணைப்பதற்கு முன்னால் டார்ச்சைப் போட்டுக்கொள்வேன். பேட்டரி செலவை மேனேஜர் ஒத்துக்கொள்ளவில்லை, 28 வருஷமும் என் கைக்காசு.